ஒரு பை மூச்சு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் ஆய்வுத் தாதியாக வேலை செய்கிறேன். வயிறு, கல்லீரல் நோய்களைப் பற்றி நடக்கும் ஆய்வுகளுக்கு ஆட்களிடம் பேசுவது, விளக்குவது, ரத்தம் எடுப்பது, பிறகு போன் போட்டு விசாரிப்பது, இதெல்லாம் என் வேலை. கிருமியால் வரும் வயிற்று நோய்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். மகிழ்ச்சியோடு வந்திருக்கிறேன்.

நம் வீடுகளில் மேல்வயிறு எரிந்தால் அதற்கு ஒரே பேர்தான், கேஸ். நேரத்துக்குச் சாப்பிடவில்லை, கேஸ். காரம் கூடிப்போச்சு, கேஸ். மோரில் பெருங்காயம் கரைத்துக் குடிப்போம், ஓமத்தண்ணீர் வைப்போம். பல நேரம் சரியாகியும் விடும். மாதக்கணக்கில் சரியாகாமல் இருந்தால்? அப்போதும் அதே பெருங்காயம்தான். அந்த இடத்தில்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று டாக்டர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. இரைப்பையில் இருக்கும் அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் அப்படி ஒரு கிருமி இருக்கிறது என்றார்கள். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த துணுக்குகளை ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றும் வளரவில்லை என்று தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982ல் ஈஸ்டர் விடுமுறை வந்ததால் கிருமி வளர்க்கும் தட்டு ஒன்று ஐந்து நாள் அப்படியே கிடந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது! ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று சொல்கிறோமே, அதுதான். 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து, நிரூபித்தார். 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புற்றுநோய்க்கும் இதுவே முக்கியக் காரணம் என்பது இப்போது உறுதியாகிவிட்டது.

இந்தக் கிருமி விஷயத்தில் நம்மைப் பற்றியே ஒரு புதிர் உண்டு. சிங்கப்பூரில் 1990களில் செய்த ஆய்வுகளில் சீனர்களிடமும் இந்தியர்களிடமும் இது அதிகமாக இருந்தது, மலாய்க்காரர்களிடம் குறைவு. அப்படியானால் இரைப்பைப் புற்றுநோயும் நமக்குச் சீனர்கள் அளவுக்கு வரவேண்டும் அல்லவா? வரவில்லை. நமக்கு அது அவர்களைவிடக் குறைவு. கிருமியின் வகையா, சாப்பாடா, பரம்பரையா? ஒரே விடையில் இன்னும் யாரும் வந்து நிற்கவில்லை. அதற்காக நமக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடாதீர்கள். புண் வரும், புண்ணிலிருந்து ரத்தம் கசியும். இந்த விடை நம் வயிற்றில் இருக்கிறது. நாம் ஆய்வுக்கு வராமல் அதை எப்படி எடுப்பது?

எழுபதைத் தாண்டிய ஓர் ஐயா. தேக்கா பக்கம் கடை வைத்திருந்தவர். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். இரைப்பையில் இந்தக் கிருமியும் இருந்து ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மூச்சுப் பரிசோதனை செய்யலாமா, விருப்பம் இருந்தால் ஓர் ஆய்விலும் சேரலாம் என்றேன். "என்ன தங்கச்சி, என்னை எலியா வச்சுப் பாக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

நான் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னேன். ஆஸ்பிரின் சாப்பிடும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், 30,166 பேர், மூச்சு ஊதிக் கொடுத்தார்கள். கிருமி இருந்தவர்களில் 5,352 பேரைக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்தும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு, முதல் இரண்டரை வருஷத்தில், புண்ணில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் 2022ல் வெளியிட்டார்கள். "அவங்களும் உங்களை மாதிரி பெரியவங்கதான் ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ஊதிப் பாப்போம்" என்றார்.

வெறும் வயிற்றோடு வரவேண்டும். முதலில் ஒரு பையில் ஊதுகிறோம். பிறகு யூரியா கலந்த ஒரு பானம். அந்த யூரியாவில் அடையாளம் வைத்த கார்பன் இருக்கும், அதில் கதிரியக்கம் கிடையாது. அரை மணி நேரம் கழித்து இன்னொரு பை. கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்துவிடும், அந்தக் கார்பன் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வந்துவிடும். ஐயா இரண்டாவது பையைக் கன்னம் உப்ப ஊதி, கிளிப்பைத் தானே அழுத்தி மூடி, தீபாவளிப் பலகாரம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

கிருமி இருந்தது. பதினான்கு நாள் மருந்து. நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்று நான்கு தடவை சொல்லி அனுப்பினேன்.

கூட வந்திருந்த அம்மா ரகசியமாகக் கேட்டார்: "இவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கணுமா?" வேண்டாம் அம்மா என்றேன். இது பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றுவது. தட்டைப் பிரிப்பதால் இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதே கேள்வியை ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களின் வீட்டாரும் கேட்பார்கள். அப்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஏனென்றால் அங்கே பல வீடுகளில் தட்டை ஏற்கெனவே பிரித்திருப்பார்கள். பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூடப் பயப்படும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத்தான் பரவும். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. சிங்கப்பூரில் 1985ல் வைரஸ் உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987ல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் பிறந்தவர்கள் தயவுசெய்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கல்லீரல் கெட்டுக்கொண்டிருந்தாலும் வலி தெரியாது.

சரி, ஐயா விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வின் ஒப்புதல் படிவத்தில் அன்றைக்கே கையெழுத்து வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மகளோடு சேர்ந்து படிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். பாதியில் விலகினால் சிகிச்சை கிடைக்காமல் போகுமா? இல்லை ஐயா, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் சிகிச்சை அப்படியே தொடரும். என் பேர் வெளியே வருமா? வராது, ஓர் எண்ணாகத்தான் இருப்பீர்கள்.

மூன்றாவது கேள்வி, "என் மூச்சை வச்சு என்ன செய்வீங்க?" அவரைக் கருவிக்குப் பக்கத்தில் அழைத்துப் போய்க் காட்டினேன். குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நன்றி, வணக்கம்.