ஜேசன் முதல் படத்தில் எத்தனை பேரைக் கொன்றான்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன்: "மங்கிப்போன ஸ்லாஷர் பட வரிசைக்கு அடுத்த பாகம் உயிர் கொடுக்கிறதா, இல்லை பிணத்தைத் தோண்டிக் காசு பார்க்கிறதா?" உயிர் கொடுக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். முகமூடிக்காரன் கத்தியோடு வந்து ஒவ்வொருவராகப் போட்டுத்தள்ளும் படங்களுக்கெல்லாம் ஒரு பட்டிமன்றமா என்று சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பரவாயில்லை, சுளித்தபடியே கேளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் வெளுத்து வாங்கினார். 1980-இல் வந்த ஃப்ரைடே த தேர்ட்டீன்த் படத்தில் ஹாக்கி முகமூடி போட்டுக்கொண்டு ஜேசன் காட்டினானே ஒரு பயம், அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், பிறகு வந்ததெல்லாம் வெறும் ஜெராக்ஸ் என்றார். கைதட்டலும் அள்ளிக்கொண்டு போனார். நானும் தட்டினேன், ஏனென்றால் என் வேலையில் பாதியை அவரே முடித்துக் கொடுத்துவிட்டார்.

நண்பரே, 1980 படத்தில் கொலை செய்வது ஜேசன் இல்லை, அவனுடைய அம்மா! ஜேசன் சின்ன வயதில் ஏரியில் மூழ்கிப்போன பிள்ளை. கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கணம் எழும்பி வந்து நாயகியை இழுப்பான், அதுகூடக் கனவா நிஜமா என்று பிடிகொடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் அந்தப் படத்தில் அவன் பங்கு. முகமூடியும் இல்லை, கத்தியும் இல்லை, கொலைக்கணக்கு பூஜ்யம். 1996-இல் வந்த ஸ்க்ரீம் படத்தின் தொடக்கத்தில், தொலைபேசியில் பேசும் கொலைகாரன் நடிகை ட்ரூ பேரிமோரிடம், ஃப்ரைடே த தேர்ட்டீன்த் படத்தில் கொலை செய்வது யார் என்றுதான் கேட்பான். அந்தப் பெண்ணும் நம் நண்பர் மாதிரியே அடித்துப்பிடித்து "ஜேசன்" என்பாள், தப்பான விடைக்கு வெளியே நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கும் அவள் காதலனின் உயிர் போகும். நம் நடுவர் கருணையுள்ளவர், இங்கே மதிப்பெண்தான் போகும்.

சரி, அப்படியானால் நமக்குத் தெரிந்த ஜேசன் எங்கிருந்து வந்தான்? 1981, இரண்டாம் பாகத்தில் வளர்ந்த ஆளாக வருகிறான், அதுவும் ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட துணிப்பையைத் தலையில் மாட்டிக்கொண்டு. 1982, மூன்றாம் பாகத்தில்தான் அந்த ஹாக்கி முகமூடி. கூட வந்தவர்களைப் பயமுறுத்தி விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையன் கொண்டுவந்தது அது. வெட்டினாலும் சுட்டாலும் எழுந்து வருகிற, செத்துப் பிழைத்த ஜேசன் 1986-இல், ஆறாம் பாகத்தில். எதிரணி 'அசல்' என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிற உருவத்துக்கு உடம்பு ஒரு பாகத்தில் கிடைத்தது, முகம் இன்னொன்றில், சாகாவரம் வேறொன்றில். என் வாதமே இதுதான் ஐயா: இந்த வகைப் படங்களில் அசலைச் செய்து முடிப்பதே அடுத்தடுத்த பாகங்கள்தான்.

அந்த ஆறாம் பாகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய வருடம் வந்த ஐந்தாம் பாகத்தில் கொன்றது ஜேசனே இல்லை, அவன் வேஷம் போட்ட ஒரு ஆம்புலன்ஸ்காரர். ரசிகர்கள் கடுப்பாகிவிட்டார்கள். அடுத்த படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? இரவு, கல்லறைத் தோட்டம். தான் சிறுவனாக இருந்தபோது, வளர்ந்த ஜேசனைக் கொன்ற டாமி, இப்போது பிணத்தை எரித்தே தீர்வது என்று குழியைத் தோண்டுகிறான். பெட்டியைத் திறந்தால் புழு நெளிகிறது. ஆத்திரம் தாங்காமல் வேலியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைப் பிடுங்கிப் பிணத்தில் குத்து குத்தென்று குத்துகிறான், கம்பியை அப்படியே விட்டுவிடுகிறான், மின்னல் நேராக அந்தக் கம்பியில் இறங்குகிறது, ஜேசன் கண் திறக்கிறான். "பிணத்தைத் தோண்டுகிறார்கள்" என்று இங்கே கேலி பேசினீர்களே, அந்தக் கேலியைப் படமே முதல் காட்சியில் செய்துவிட்டது! தோண்டிய குழியைப் பார்க்கிற கல்லறைக் காவலாளி, இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்று அலுத்துக்கொண்டு நம்மைப் பார்த்தே திரும்புவார். அப்புறம், ஐந்து பாகமாகக் கோடை முகாம், கோடை முகாம் என்றார்கள், இந்தப் பாகத்தில் முகாம் நிறையக் குழந்தைகள் இருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரின் நாடகப் புத்தகத்தை வைத்துக்கொண்டே தூங்கிப்போயிருக்கும். வெளியேற வழியில்லாத அறையைப் பற்றிய நாடகம் அது.

வசூலில் ஆறாம் பாகம் ஐந்தைவிடக் கொஞ்சம் குறைவுதான், அதை நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு எதற்குச் சிரமம். ஆனால் அடுத்து வந்த ஏழும் எட்டும் அந்த மின்னலில் எழுந்த ஜேசனை நம்பித்தான் ஓடின.

வசூல் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் படம் கலை, அடுத்த பாகம் கல்லாப்பெட்டி என்று எதிரணித் தோழி அழகாக ஒரு வரி சொன்னார். ஹாலோவீன் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, கையில் கதைகூட முழுசாக இல்லாதபோதே ஃப்ரைடே த தேர்ட்டீன்த் என்ற தலைப்பை மட்டும் பெரிதாக எழுதி வெரைட்டி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர்கள் அந்த முதல் படத்துக்காரர்கள். பிறந்ததே கல்லாப்பெட்டிக்குள், தோழி.

ஹாலோவீனுக்கு வருகிறேன். 1978, இயக்குநர் ஜான் கார்பென்டர், சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். அதில் வரும் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் முகமூடியே கடையில் வாங்கிய ஸ்டார் ட்ரெக் கேப்டன் கிர்க் முகமூடிதான், வெள்ளைப் பெயின்ட் அடித்து மாற்றினார்கள். அதன் முடிவு நினைவிருக்கிறதா? மைக்கேலைத் தேடிவந்த அவனுடைய டாக்டர் சுடுகிறார், மைக்கேல் மாடியிலிருந்து புல்தரையில் விழுகிறான், டாக்டர் எட்டிப் பார்த்தால் புல் மட்டும் கிடக்கிறது, ஆளைக் காணோம். பிறகு ஆளாளுக்கு ஒரு பாகம் எடுத்தார்கள். முதல் படத்து நாயகி லாரி அவனுடைய தங்கை என்றார்கள், 1982-இல் மைக்கேலே இல்லாமல் ஒரு படம் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், 2002-இல் தொடக்கத்திலேயே லாரியைக் கொன்றார்கள். அந்த 2002 படத்தை ஆதரித்து நான் பேசப்போவதில்லை, எனக்கும் மனசாட்சி உண்டு.

2018-இல் வந்த பாகம் இத்தனையையும் ஒரே வீச்சில் தள்ளிவிட்டு, 1978-க்கு நேர் அடுத்ததாக வந்து உட்கார்ந்தது. தங்கைக் கதையும் போச்சு. லாரியாக அதே ஜேமி லீ கர்ட்டிஸ், முதல் படம் எடுக்கும்போது 19 வயது, 2018-இல் அறுபதைத் தொடவிருந்தார். கம்பிக் கதவு, துப்பாக்கி, பாதாள அறை என்று வீட்டையே கோட்டையாக்கிக்கொண்டு 40 வருடம் காத்திருந்த பாட்டி. கடைசியில் மைக்கேல் அவரை மாடியிலிருந்து தள்ளிவிடுகிறான், குனிந்து பார்க்கிறான், கீழே கிடக்கிறார். பேத்தியின் குரல் கேட்டுக் கண்ணை எடுக்கிறான், மறுபடி பார்க்கிறான், ஆளைக் காணோம்! அன்று டாக்டர் நின்ற இடத்தில் இன்று அவன் நிற்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார், யாரென்றே தெரியாது.

இதற்கு எதற்குப் பழைய பெயர், புதுக் கதையாக எடுக்கலாமே என்று கேட்டீர்கள். தாராளமாக எடுங்கள், நானும் பார்ப்பேன். ஆனால் நான் இப்போது சொன்ன காட்சியைப் புதுப் படத்தில் எடுக்க முடியுமா? அதற்கு ஒரு பழைய மாடியும் 40 வருடமும் வேண்டும். சுமார் 1 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் வசூலித்தது. அடுத்து 2021-இலும் 2022-இலும் வந்த இரண்டும் அந்த அளவுக்கு வரவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று, 2022 ஸ்க்ரீம் பார்க்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். 2011-இல் வந்த நான்காம் பாகத்தின் வசூல் இறங்கிப்போனது, இயக்குநர் வெஸ் கிரேவன் 2015-இல் இறந்தார், வரிசை முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஐந்தாம் பாகத்தில் கொலைகாரர்கள் யார்? தங்களுக்குப் பிடித்த பட வரிசையைப் புதிய பாகம் கெடுத்துவிட்டது, பழையபடி இருக்க வேண்டும் என்று கொதிக்கிற ரசிகர்கள். அதற்காகத்தான் கத்தியை எடுக்கிறார்கள். எதிரணியைப் பார்த்து எடுத்தது என்று நான் சொல்லவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது நடுவரே, முடித்துவிடுகிறேன். பாகமே வராமல் இருந்தால் அசல் அசலாகவே இருக்கும் என்கிறார்கள் இவர்கள். ஃப்ரைடே வரிசை அப்படி இருந்து பார்த்தது. 2009-இல் வந்த படத்துக்குப் பிறகு, கதாசிரியருக்கும் தயாரிப்பாளருக்கும் உரிமைச் சண்டை நீதிமன்றம் வரை போய், பத்து வருடத்துக்கும் மேல் திரையரங்குக்குப் படமே வரவில்லை. பொறுக்க மாட்டாமல் ரசிகர்களே ஜேசன் படம் எடுத்து இணையத்தில் விட்டார்கள். 1980-தான் அசல் என்றால் அந்த ரசிகர்கள் அம்மாவை வைத்தல்லவா எடுத்திருக்க வேண்டும்? ஜேசனைத்தான் எடுத்தார்கள், அவன் முகத்தில் மாட்டியது மூன்றாம் பாகத்து முகமூடி. நன்றி, வணக்கம்.