சைரன் கத்துகிறது, சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லையா?

(காட்சி: இரவு. பூட்டிய கார். டேஷ்போர்டு இருட்டாக இருக்கிறது.)

ரிமோட்டை அழுத்தினால் கார் பூட்டிக்கொள்கிறது, கதவை அசைத்தால் சைரன் ஊரைக் கூட்டுகிறது. டேஷ்போர்டில் கண் சிமிட்ட வேண்டிய சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லை. இதற்காக அலாரம் செட்டையே மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மற்றதெல்லாம் வேலை செய்கிறது என்றால், பழுது பெரும்பாலும் அந்த எல்இடியிலோ அதற்குப் போகும் இரண்டு வயரிலோதான் இருக்கும்.

சாவியைத் திருப்பிய பிறகும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? அது வேறு கதை. பல கார்களில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் ஆக விடாத கருவி) சாவியின் சிப்பைப் படிக்க முடியாதபோது இப்படித்தான் ஆகும். இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

(காட்சி: எல்இடியை வயரோடு இணைக்கும் இரண்டு பின் கப்ளர், அருகில் மல்டிமீட்டர்.)

சரி, நம் விளக்குக்கு வருவோம். கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, இரு முனைகளையும் வயர் பக்கக் கப்ளரில் வையுங்கள். காரைப் பூட்டுங்கள். எண் ஒரே இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கினால் அலாரம் பெட்டியிலிருந்து சிக்னல் வருகிறது, எல்இடிதான் போயிருக்கிறது.

எல்இடியைச் சோதிக்க நேராக பேட்டரியில் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும். மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் 12 வோல்ட் கொடுத்தால் நல்லதும் கருகிவிடும். மீட்டரின் டயோடு மோடில் வைத்தால் மங்கலாக எரியும். எரியாவிட்டால் முனைகளை மாற்றி வையுங்கள், அது ஒரு பக்கம்தான் எரியும்.

மீட்டரில் ஒன்றுமே வரவில்லையா? நம் காவிரி டெல்டாவில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலியைத்தான். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் வீட்டுப் பக்கம் வந்துவிடும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்திய கார் அதற்கு நல்ல இடம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் என்றால் உப்புக் காற்று. கப்ளர் பின்னில் பச்சை பூத்திருக்கும்.

வயரைத் தேடும்போது ஒன்று: மஞ்சள் உறை போட்டது ஏர்பேக் வயர், அதில் மீட்டரை வைக்கவே கூடாது.

அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் மறுபடி வேலை வைக்கும். சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். வயர் முழுதாக இருந்தும் பெட்டியின் வாயிலேயே வோல்ட் வரவில்லை என்றால், பெட்டியை மாற்றும் பேச்சை அப்போது எடுக்கலாம்.