அமைச்சரவையில் யாருக்கு இடம்? கனடா சொல்லும் கதை

நேயர்களுக்கு வணக்கம். புதிய அமைச்சரவையின் பெயர்ப் பட்டியல் வெளிவந்ததும், நம் மாவட்டத்துக்கு ஓர் இடமாவது கிடைத்ததா என்று முதலில் தேடுபவர்கள் நாம். அப்படிக் கிடைத்தவர் அந்தத் துறைக்குப் பொருத்தமானவர்தானா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பட்டியலில் பெண்களின் பெயர்கள் சற்றுக் கூடிவிட்டால் மட்டும் தகுதி பற்றிய கேள்வி தவறாமல் எழுந்துவிடுகிறது. கனடாவின் வரலாற்றைப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

2015 நவம்பர் 4ஆம் நாள் ஜஸ்டின் ட்ரூடோ தலைமையில் பதவியேற்ற அமைச்சரவையில், பிரதமர் நீங்கலாக 15 பெண்களும் 15 ஆண்களும் இருந்தனர். ஏன் இந்தச் சமநிலை என்று கேட்ட செய்தியாளருக்கு, "ஏனென்றால் இது 2015" என்று அவர் விடையளித்தார். கைதட்டல் பெற்ற விடைதான். ஆனாலும் எனக்கு அது நிறைவளிக்கவில்லை. அவர் 1867ஆம் ஆண்டைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஆண்டில்தான் ஜான் மெக்டொனால்ட் கனடாவின் முதல் அமைச்சரவையை அமைத்தார். மொத்தம் 13 இடங்கள்; மாகாணவாரியாக ஒன்டாரியோவுக்கு ஐந்து, கியூபெக்குக்கு நான்கு, நோவா ஸ்கோஷியாவுக்கும் நியூ பிரன்ஸ்விக்குக்கும் இரண்டிரண்டு. கியூபெக்கின் நான்கில் மூன்று பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒன்று ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்ட்டுக்கும் போய்விட்டன. ஐரிஷ் கத்தோலிக்கர்களின் பெரும் பேச்சாளரான டார்சி மெக்கீக்கு அங்கே இடமில்லை. அந்தச் சமூகத்தை விட்டுவிடவும் முடியாது. முடிவில் மெக்கீ ஒதுங்கிக்கொண்டார். நோவா ஸ்கோஷியாவைக் கூட்டாட்சிக்குள் கொண்டுவந்தவரும் பின்னாளில் பிரதமரானவருமான சார்ல்ஸ் டப்பரும் தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். அந்த இடத்தில் அமர்ந்தவர் எட்வர்ட் கென்னி என்னும் ஹாலிஃபாக்ஸ் வணிகர். அவர் ஐரிஷ்காரர், கத்தோலிக்கர், நோவா ஸ்கோஷியாக்காரர். ஒரே ஆளில் மூன்று கணக்கும் நேராகிவிட்டன. நேயர்கள் கவனிக்க வேண்டும்: விலகி நின்ற இருவரும் அந்நாட்டை உருவாக்கியவர்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர்கள். இந்த ஏற்பாட்டை அரசியல் சாதுரியம் என்றுதான் இன்றும் பாராட்டுகிறார்கள்.

2015இன் சமநிலையைத் தகுதியின் பெயரால் ஆட்சேபித்தவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருந்ததை மறைக்கக் கூடாது. ஆளுங்கட்சியின் 184 உறுப்பினர்களில் பெண்கள் 50 பேர்தான். பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஒன்பது பேரில் ஒருவருக்கும் பதவி கிடைத்தது என்றால், ஆண்களிடையே போட்டி கடுமையாக இருந்தது உண்மைதானே என்று கேட்டார்கள். உண்மைதான். ஆனால் நான்கே உறுப்பினர்களைக் கொண்ட பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணத்துக்கும் அதே அமைச்சரவையில் ஓர் இடம் தரப்பட்டது. அங்கே நால்வரில் ஒருவர் அமைச்சர். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து எவரும் தகுதி கெட்டது என்று புலம்பியதாகத் தெரியவில்லை. மாகாணத்துக்காக இடம் ஒதுக்கினால் மரபு, பெண்களுக்காக ஒதுக்கினால் சலுகை என்றால், நம் ஆட்சேபம் ஒதுக்கீட்டின் மீதா, பெண்களின் மீதா?

1957இல் கனடாவின் முதல் பெண் மத்திய அமைச்சரான எலன் ஃபேர்கிளாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாமில்டனில் சொந்தமாகக் கணக்காளர் தொழில் நடத்தியவர் அவர். நிதித்துறை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. குடியுரிமை, குடிவரவுத் துறையில் அவர் இருந்தபோதுதான், இனம் பார்த்து ஆள் சேர்த்த முறையைப் பெருமளவு களைந்து, கல்வியையும் தொழில்திறனையும் முன்வைத்த 1962ஆம் ஆண்டு விதிகள் வந்தன. தகுதியை அளவுகோலாக்கியவரே ஒரு பெண் அமைச்சர் என்பதை இந்த விவாதத்தில் எவரும் நினைவுகூர்வதில்லை. கனடாவின் நிதித்துறை முதன்முதலாக ஒரு பெண்ணிடம், கிறிஸ்டியா ஃப்ரீலாண்டிடம், வந்து சேர 2020 வரை ஆயிற்று.

நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். சம எண்ணிக்கையில் இடம் பெற்ற பெண்களில் ஐவர், 2015இல் பிற அமைச்சர்களுக்கு உதவும் நிலையிலேயே முறைப்படி நியமிக்கப்பட்டிருந்ததையும், அதனால் எழுந்த சம்பளச் சிக்கலையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்கு இன்று இடமில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த தந்தைக்குப் பிறந்தவரும் டொராண்டோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியராக இருந்தவருமான அனிதா ஆனந்த், 2019இல் கொள்முதல் துறை அமைச்சராகி, பெருந்தொற்றுக் காலத்தில் கனடாவுக்கான தடுப்பூசி ஒப்பந்தங்களைக் கவனித்தார் என்பதை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.