அவன் விட்டுச்சென்ற பாராசூட்

அவைக்கு வணக்கம். அருங்காட்சியகங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். சிலை, செப்பேடு, முதுமக்கள் தாழி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு என் பேச்சு ஒரு பழைய பாராசூட்டைப் பற்றியது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள மாநில வரலாற்று அருங்காட்சியகம் 2013ஆம் ஆண்டு 'கூப்பர்' என்று ஒரே சொல்லில் தலைப்பு வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. ஒரு விமானக் கடத்தலைப் பற்றிய கண்காட்சி அது. கடத்தியவன் யார் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அருங்காட்சியகம் என்றாலே 'இது இன்னாருடையது, இந்தக் காலத்தது' என்று அட்டையில் எழுதி வைக்கும் இடம். 'இன்னார்' என்ற இடத்தில் எழுதப் பெயரே இல்லாத ஒரு விஷயத்தை அவர்கள் எப்படிக் காட்சிக்கு வைத்தார்கள் என்பதுதான் என்னை ஈர்த்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1971 நவம்பர் 24, புதன்கிழமை. மறுநாள் அவர்களுடைய நன்றியறிதல் நாள் விடுமுறை. போர்ட்லாந்து விமான நிலையத்தில், கோட்டும் கறுப்பு டையும் அணிந்த, நாற்பதைத் தாண்டிய ஒருவன் சியாட்டிலுக்கு டிக்கெட் கேட்டான். ரொக்கம் கொடுத்தான். பெயர் டான் கூப்பர் என்றான். எழுதிக்கொண்டு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். அடையாள அட்டை கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கமும் இல்லை. பின்னாளில் ஒரு செய்தியாளர் தவறாகக் கேட்டு எழுதியதால் உலகம் முழுவதும் அவன் 'டி.பி. கூப்பர்' ஆகிவிட்டான். அவன் சொன்ன பொய்ப்பெயர்கூட நமக்குச் சரியாக வந்து சேரவில்லை.

நார்த்வெஸ்ட் ஓரியன்ட் நிறுவனத்தின் 305ஆம் எண் விமானம். போயிங் 727 ரகம். அரை மணி நேரப் பயணம்தான். கடைசி வரிசையில் அமர்ந்து மது ஒன்று வாங்கிக்கொண்டு, பணிப்பெண் ஃப்ளோரன்ஸ் ஷாஃப்னரிடம் ஒரு சீட்டை நீட்டினான். தனியாகப் பயணம் செய்யும் ஆண்கள் இப்படித் தொலைபேசி எண் எழுதிக் கொடுப்பது அவருக்குப் பழகிப்போன தொல்லை, படிக்காமலே வைத்துவிட்டார். அவன் சாய்ந்து, படித்துப் பாருங்கள், என்னிடம் வெடிகுண்டு இருக்கிறது என்றான். பெட்டியைத் திறந்தும் காட்டினான்: சிவப்பு நிற உருளைகள், கம்பிகள், ஒரு பேட்டரி. கேட்டது 2 லட்சம் டாலர், 4 பாராசூட். பயணிகளுக்கு 'சிறிய இயந்திரக் கோளாறு' என்று சொல்லிவிட்டு, கீழே எல்லாம் தயாராகும்வரை விமானம் வானத்திலேயே வட்டமடித்தது.

சியாட்டில்-டகோமா விமான நிலையத்தில் இறங்கியதும் பயணிகளை விட்டுவிட்டான். பணம் வந்தது: 10,000 இருபது டாலர் நோட்டுகள், ஒன்பது கிலோவுக்கு மேல் எடை. ஒவ்வொரு நோட்டின் எண்ணும் முன்பே பதிவாகியிருந்தது. பிறகு விமானத்தை மெக்சிகோவை நோக்கி ஓட்டச் சொன்னான். அதற்கு அவன் விதித்த நிபந்தனைகளைக் கேளுங்கள். 10,000 அடிக்கு மேல் போகக் கூடாது. சக்கரங்கள் கீழே இறங்கியே இருக்க வேண்டும். இறக்கை மடல்கள் 15 பாகையில் இருக்க வேண்டும். விமானத்தைப் பற்றி ஓரளவு தெரிந்தவன்தான் இப்படிக் கேட்பான். 727 விமானத்தின் வால் பகுதிக்குக் கீழே ஒரு படிக்கட்டு உண்டு. அப்போது பறக்கும்போதே அதை இறக்க முடிந்தது, விமானி அறையிலிருந்து தடுக்க வழியிருக்கவில்லை. இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு, தென்மேற்கு வாஷிங்டனின் காட்டுப் பகுதிக்கு மேலே, மழையில், அந்தப் படிக்கட்டு வழியாகக் குதித்துவிட்டான் என்று கணிக்கிறார்கள். வழியில் எரிபொருளுக்காக விமானம் ரீனோவில் இறங்கியபோது உள்ளே அவன் இல்லை.

இனி பாராசூட்டுக்கு வருகிறேன். அவனுக்குக் கொடுத்தவை நான்கு: முதுகில் மாட்டுவது இரண்டு, ஆபத்துக்கு உதவ மார்பில் மாட்டுவது இரண்டு. மார்புப் பாராசூட்டுகளில் ஒன்று வகுப்பில் பாடம் நடத்த வைத்திருந்த மாதிரி. தைத்து மூடப்பட்டது, விரியவே விரியாது. அவசரத்தில் யாரோ அதையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். விமானத்தில் அது கிடைக்கவில்லை. நன்றாக இருந்த மற்றொன்றைப் பிரித்து, பணப்பையைக் கட்டக் கயிறு வெட்டி எடுத்துக்கொண்டிருந்தான். விமானத்தைப் பற்றி அத்தனை தெரிந்தவனுக்குப் பாராசூட்டைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்ற கேள்வியை எழுப்புவது இதுதான். முதுகுப் பாராசூட் ஒன்றை அவன் தொடாமலே விட்டுச்சென்றான். அது உரிமையாளரிடம் திரும்பிப்போய், கடைசியில் அந்த மாநிலத்தின் வரலாற்றுச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. டகோமா அருங்காட்சியகத்தை நடத்துவது அந்தச் சங்கம்தான்.

மாவீரன் ஏந்திய வாள், மகாகவி பிடித்த பேனா என்றுதான் அருங்காட்சியகங்கள் வழக்கமாகக் காட்டும். இங்கே ஒருவன் எடுத்துக்கொள்ளாத பொருள் காட்சிப்பொருளாகிவிட்டது. இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கூப்பர் கதையில் உறுதியாகச் சொல்லக்கூடியவை எல்லாமே அவன் விட்டுப்போனவற்றிலிருந்து வருபவை. அவன் எடுத்துப்போனவை பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி ஊகம்.

அவன் விட்டுப்போன இன்னொரு பொருள், கழுத்தில் மாட்டும் கொக்கி வைத்த மலிவான டை. சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய டாம் கே என்ற தொல்லுயிர் ஆய்வாளரின் குழு அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கலப்பில்லாத டைட்டானியத் துகள்களைக் கண்டது. 1971இல் அது எல்லோர் சட்டையிலும் படியக்கூடிய தூசி அல்ல. உலோக ஆலை, வேதித் தொழிற்சாலை போன்ற இடங்களில்தான் புழங்கியது. புதைபடிவம் தேடுகிறவர் ஒரு டையைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்! ஆனால் அந்த டை அவன் கழுத்துக்கு வருமுன் வேறொருவர் கழுத்தில் இருந்திருந்தால் இந்தத் துப்பு யாருடையது என்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

காட்சிக்கு வைக்கவே முடியாத பொருளும் ஒன்று உண்டு. அவன் புகைத்துப்போட்ட எட்டு சிகரெட் துண்டுகளை எஃப்.பி.ஐ. எடுத்து வைத்தது. மரபணுச் சோதனை வந்த காலத்தில் தேடினால், காணவில்லை. உதடு பட்ட பொருளைத் தொலைத்துவிட்டு, ஊர் முழுக்க ஆளைத் தேடியிருக்கிறார்கள். நான் அந்தக் கண்காட்சியை அமைத்திருந்தால் ஒரு கண்ணாடிப் பெட்டியை வெறுமையாக வைத்து, 'எட்டு சிகரெட் துண்டுகள்' என்று அட்டை மட்டும் எழுதி வைத்திருப்பேன்.

பணம்? 1980 பிப்ரவரியில் கொலம்பியா ஆற்றங்கரையில், டீனா பார் என்ற மணல்திட்டில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மணலை விலக்கியபோது மக்கிய நோட்டுக் கட்டுகள் கிடைத்தன. 5,800 டாலர். எண்கள் பொருந்தின. அவை அங்கே எப்படி வந்தன என்பதில் இன்றும் சண்டை. 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நோட்டுகளில் ஒட்டியிருந்த டயட்டம் என்னும் நுண்பாசிகளைப் பார்த்து, இவை வசந்த காலத்தில் பெருகும் இனம், ஆகவே பணம் நவம்பரில் தண்ணீரில் விழுந்திருக்க முடியாது என்றது. எனக்கு நிறைவளித்த ஆய்வு இது. 'அவன் பிழைத்தானா' என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை; நோட்டு எந்தப் பருவத்தில் நனைந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். யாரையும் காயப்படுத்தாமல் பெரிய நிறுவனத்தை ஏமாற்றிய சாமர்த்தியசாலி என்று கூப்பரைக் கொண்டாடும் பழக்கம் அங்கே உண்டு. ஏரியல் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் விழாவே எடுத்தார்கள். டீனா மக்லோவை நினைத்துப் பாருங்கள். 22 வயதுப் பணிப்பெண். வெடிகுண்டுக்கு அருகில் அமர்ந்து, அவனுக்கும் விமானிக்கும் இடையே செய்தி சொல்லிக்கொண்டிருந்தவர். தரையில் இறங்கிப் பணப்பையை வாங்கி வந்தவரும் அவரே. எல்லாரும் இறங்கிய பிறகும் அவரை அவன் விமானத்தில் நிறுத்திக்கொண்டான். அவனை இடுப்பில் ஏதோ கட்டிக்கொண்டிருந்த நிலையில் கடைசியாகப் பார்த்தவர் அவர். காயப்படுத்தவில்லை என்று சொல்கிறவர்கள் அந்த இருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும். கண்காட்சியின் தலைப்பு 'கூப்பர்' என்று இருந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. பெயரில்லாதவனுக்குத் தலைப்பு கிடைத்தது, பெயருள்ளவர்கள் துணைப்பாத்திரங்களாகிவிட்டார்கள்.

ஆனால் அக்காலத்து விமானப் பயணம் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்பதையும் அங்கே சேர்த்திருந்தார்கள். அதற்காகப் பாராட்ட வேண்டும். அடுத்த ஆண்டே பலர் அவனைப் பார்த்து முயன்றார்கள். 1972 ஏப்ரலில் ரிச்சர்ட் மெக்காய் என்பவர் 5 லட்சம் டாலருடன் யூட்டா மாநிலத்தில் குதித்து, இரண்டே நாளில் பிடிபட்டார். 1973 ஜனவரி முதல் அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள். 727 விமானங்களின் வாலில் ஒரு சிறு தகடு பொருத்தினார்கள். விமானம் பறக்கும்போது காற்று அதைத் திருப்பிவிடும், படிக்கட்டு இறங்காது. அதையும் கூப்பர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

2016 ஜூலையில் எஃப்.பி.ஐ. இந்த வழக்கின் தீவிர விசாரணையை நிறுத்தியது. சான்றுகளை வரலாற்றுக்காகத் தலைமையகத்தில் பாதுகாப்போம் என்றது. 45 ஆண்டு துப்பறிந்த துறையே கடைசியில் அருங்காட்சியக வேலைக்கு வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: என் மாமா, என் சித்தப்பாதான் கூப்பர் என்று இனி யாரும் வர வேண்டாம், பாராசூட்டோ பணமோ கிடைத்தால் மட்டும் வாருங்கள். கணக்குப்படி இன்னும் 9,710 நோட்டுகள் வெளியே இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் எண் ஆங்கில 'எல்' எழுத்தில் தொடங்கும். உறவினர் யாராவது அமெரிக்காவிலிருந்து பழைய இருபது டாலர் நோட்டு கொண்டுவந்தால், செலவழிக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இனி உங்கள் கேள்விகள்.