ஏழடி வலுயெவ்: ஹோலிஃபீல்டா, ஹேயா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்து, உசிலம்பட்டியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. "அண்ணே, பாக்ஸிங்ல ஏழடி உசரம் ரஷ்யாக்காரர் நிக்கோலாய் வலுயெவ்கிட்ட அமெரிக்காக்காரர் ஹோலிஃபீல்டு தோத்தாரு, இங்கிலாந்துக்காரர் டேவிட் ஹே ஜெயிச்சாரு. அப்ப ஹேதான் பெரிய ஆளா? ரெண்டு ஃபைட்டையும் பார்த்தேன், எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது."

நல்ல கண்ணு தம்பி உனக்கு. முக்காவாசி ஒரே மாதிரிதான்.

ஹோலிஃபீல்டு ஃபைட்டு 2008 டிசம்பர், சூரிச். ஹே ஃபைட்டு 2009 நவம்பர், ஜெர்மனியில நியூரம்பெர்க். ரெண்டும் பன்னெண்டு ரவுண்டு முழுசா போய் பாயிண்ட்ல முடிஞ்சது. ரெண்டுலயும் ஒரு ஜட்ஜ் 114-114ன்னு சமமாப் போட்டுட்டாரு. மிச்ச ரெண்டு பேரு கணக்குதான் முடிவு. சூரிச்ல 116-112, 115-114ன்னு வலுயெவுக்கு. நியூரம்பெர்க்ல ரெண்டு பேருமே 116-112ன்னு ஹேவுக்கு. சூரிச் தீர்ப்பை இன்னைக்கும் ஒத்துக்காத ஆளுக நிறைய. நானும் அந்தக் கூட்டம்தான்.

எடைக்கு வருவோம். வலுயெவ் 140 கிலோவுக்கு மேல. இவங்க ரெண்டு பேருமே நூறைத் தொடலை. ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழ இருக்குற குரூசர்வெயிட் எடைப் பிரிவுல சாம்பியனாகி மேல ஏறி வந்தவங்க. நாப்பது கிலோவுக்கு மேல வித்தியாசம்னா என்னன்னு காட்டுறேன், ஒரு நிமிஷம். டேய், நீ வாடா, இப்படி நில்லு. கேமராவை மறைக்காத. இவன் என்னைய விட முக்கா அடி உசரம். இவன் தாடையைத் தொடணும்னா என் முன்னங்கால் எங்க போகுது பாருங்க, கிட்டத்தட்ட இவன் காலுக்கு உள்ள போயிருச்சு. கை மேல போகப் போக முழங்கை விலாவை விட்டு வெளிய வருது, குதிகாலும் எந்திரிச்சிருச்சு. இப்படி எட்டிக் குத்துனா குத்துல பாரமே இருக்காது. குத்திட்டு இங்கயே நின்னேன்னு வைங்க, இவன் அடிக்கவே வேணாம், மேல சாஞ்சாப் போதும். டேய், சாயாதடா! சொன்னேன், அம்புட்டுத்தான்.

அதுனால குத்திட்டு பக்கவாட்டுல வெளிய வந்துரணும். அலங்காநல்லூர்ல மாட்டுக்கு நேர் முன்னால எவனும் நிக்கிறானா? பக்கத்துல இருந்துதான் திமிலுக்குப் போறான். என்ன, இங்க புடிச்சுத் தொங்க முடியாது, ரெஃபரி பிரிச்சு விட்டுருவாரு.

2007-ல ஸ்டுட்கார்ட்ல வலுயெவை முதல்ல தோக்கடிச்ச ருஸ்லான் சகாயெவும் இப்படி உள்ள போய் வெளிய வந்துதான் ஜெயிச்சாப்ல. இடதுகைக்காரர். ஹோலிஃபீல்டும் ஹேயும் அதே வழிதான்.

இப்பத்தான் வயசைப் பார்க்கணும். ஹோலிஃபீல்டுக்கு அன்னைக்கு 46. ஜெயிச்சிருந்தா, 1994-ல 45 வயசுல பட்டம் வாங்குன ஜார்ஜ் ஃபோர்மனைத் தாண்டி, ரொம்ப வயசான ஹெவிவெயிட் சாம்பியன்னு பேரு வாங்கியிருப்பாப்ல. அந்த வயசுல பன்னெண்டு ரவுண்டும் சுத்திச் சுத்தி வந்து, ரெண்டு குத்து விட்டு வெளிய வந்து... கால் எங்கயும் ஒட்டவே இல்லை. வலுயெவ் பின்னாடியே நடந்தாரு. நடக்குறதுக்கு எதுக்குய்யா பாயிண்ட்டு?

ஹேவுக்கு 29. வலது கை ஃபைட்டுலயே அடிபட்டுருச்சுன்னு முடிஞ்சப்புறம் சொன்னாப்ல. அதுனாலயோ என்னமோ குத்து ரொம்பக் கம்மி. காத்துல குத்த வச்சே வலுயெவை அலைய விட்டாப்ல. நிறைய பேருக்கு அது போரடிச்ச ஃபைட்டு, எனக்கும் நடுவுல கண்ணு சொக்கிருச்சு.

ஆனா பன்னெண்டாவது ரவுண்டு! ஒரு இடது ஹூக்கு, பக்கவாட்டுல இருந்து வளைச்சு விடுற குத்து. அந்த மலை ஆடிப் போச்சு. ஹோலிஃபீல்டு குத்து பாயிண்ட் வாங்குற குத்து, தொட்டுட்டு வந்துச்சு. வலுயெவ் அதை வாங்கிக்கிட்டு முன்னாடிதான் வந்தாரு. ஹே குத்துனதுக்குத்தான் அந்த ஆளு தள்ளாடுனாரு.

அதுனால, அடி பலம்னு கேட்டா ஹே. பன்னெண்டு ரவுண்டும் பாக்ஸிங்னு கேட்டா நான் ஹோலிஃபீல்டு பக்கம். வலுயெவும் ஹேகிட்ட தோத்தப்புறம் ரிங்குக்குத் திரும்பவே இல்லை.

தம்பி, அந்தக் கடைசி ரவுண்டை இன்னொரு வாட்டி சவுண்டை அமுக்கிட்டுப் பாரு. கமெண்ட்ரிக்காரங்க கத்துறது காதுல விழக் கூடாது. மூஞ்சியைப் பார்க்காத, வலுயெவ் முழங்காலைப் பாரு, தெரியும்.

சரி, அடுத்து திருமங்கலத்துல இருந்து ஒரு அண்ணன், பையனுக்கு எத்தனை அவுன்ஸ் கிளவுஸ் வாங்கலாம்னு கேட்டிருக்காரு. பையன் எடையைச் சொல்லாம விட்டுட்டீங்களேண்ணே.