போல்சானோ பக்கம் பண்ணை வீடு: புக் பண்ணும் முன் மாட்டைப் பற்றிக் கேளுங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டும் வீடியோ இல்லை. ம்யூனிக்கில் என் வீட்டில், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களோடு பேசப்போகிறேன், அவ்வளவுதான். செப்டம்பர் கடைசியில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அவர்களையும் எங்கள் இரண்டு வாண்டுகளையும் கூட்டிக்கொண்டு அக்டோபரில் ஒரு வாரம் ஆல்ப்ஸில் ஒரு பண்ணை வீட்டில் தங்குவதாகத் திட்டம். இடம் முடிவாகிவிட்டது. வட இத்தாலியில், போல்சானோ நகரத்துக்கு நேர் மேலே இருக்கும் ரிட்டன் மேட்டுநிலம். எந்த வீடு என்பதுதான் பாக்கி.

ஏன் போல்சானோ என்று ஏற்கெனவே சிலர் கேட்டுவிட்டீர்கள். ம்யூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக், ப்ரென்னர் கணவாய் வழியாக நேர் ரயில் இருக்கிறது. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், எங்கேயும் இறங்கி ஏற வேண்டாம். அப்பாவுக்கு முட்டிவலி. அதனால் ரயில் மாறாமல் போவது எனக்குப் பெரிய விஷயம். இந்தியாவிலிருந்து நேராக இத்தாலி வருகிறவர்கள் வெரோனாவரை வந்துவிட்டால், அங்கிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம்.

இந்த மேப்பைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன், பாருங்கள். நகரம் கடல் மட்டத்திலிருந்து 262 மீட்டர்தான். சுற்றிலும் மலை. ஜூலையில் அங்கே நின்றால் வாணலிக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். இத்தாலியிலேயே அதிக வெப்பம் பதிவாகும் நகரங்களில் இதன் பெயரும் அடிக்கடி வரும். அதனால்தான் போல்சானோவின் பணக்கார வியாபாரிகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கோடை வந்தால் குடும்பத்தோடு ரிட்டனுக்கு ஏறிவிடுவார்கள். 1907இல் நகரத்திலிருந்து மேலே பற்சக்கர ரயில் போட்டார்கள். சரிவில் ஓடிய பகுதியை 1966இல் நிறுத்திவிட்டுக் கேபிள் கார் விட்டார்கள். இப்போது ஓடுவது 2009இல் வந்த புதிய கேபிள் கார். பன்னிரண்டு நிமிடத்தில் 1,221 மீட்டர் உயரத்தில், ஓபர்போட்சன் என்ற ஊரில் இறக்கிவிடும். மேலே மிச்சமிருந்த குட்டி ரயில் இன்றைக்கும் ஓபர்போட்சனுக்கும் க்ளோபன்ஷ்டைனுக்கும் இடையே ஓடுகிறது. மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்ட்கூட 1911 கோடையில் க்ளோபன்ஷ்டைனில்தான் வந்து தங்கியிருந்தார். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே காட்டு வழியாக ஒரு நடைபாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஏற்றம் அதிகமில்லாத பாதை. அப்பா பாதி தூரம் நடந்தாலும் போதும், குட்டி ரயில் பிடித்துத் திரும்பிவிடலாம்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதல் உலகப் போருக்கு முன்பு இது ஆஸ்திரியாவில் இருந்த பகுதி. அதனால் ஒவ்வொரு ஊருக்கும் ஜெர்மன் பெயர் ஒன்று, இத்தாலியப் பெயர் ஒன்று. போட்சன் என்றாலும் போல்சானோ என்றாலும் ஒரே ஊர். ரிட்டன்தான் ரெனான். ரயில் டிக்கெட் ஒரு பெயரிலும் வீட்டு முகவரி இன்னொரு பெயரிலும் வந்தால் பதறாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பண்ணை ஹோட்டல் என்று தேடினால் இரண்டு வகை கலந்து வரும். ஒன்று, பெயரின் முடிவில் ‘ஹோஃப்’, அதாவது பண்ணை, என்று இருக்கும். படத்தில் மரப் பால்கனி, சிவப்பு ஜெரேனியப் பூக்கள், வெந்நீர் நீச்சல் குளம், சானா. ஒரு காலத்தில் அது பண்ணையாக இருந்திருக்கலாம். இப்போது அது ஹோட்டல். நல்ல ஹோட்டலாகவே இருக்கும், குறை சொல்லவில்லை. இன்னொன்று நிஜப் பண்ணை. மூன்று நான்கு அறை, அல்லது சமையலறையோடு இரண்டு மூன்று ஃப்ளாட். இத்தாலியச் சட்டப்படி இந்த வகை வீட்டில் விவசாயம்தான் பிரதானத் தொழில், விருந்தாளி வருமானம் துணைத் தொழில்.

எனக்கு வேண்டியது இரண்டாவது. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மலைப் பண்ணைகளில் பத்துப் பதினைந்து மாடு இருந்தாலே சாதாரணமான அளவு. செங்குத்தான புல்வெளியில் புல் அறுத்து, அந்தப் பாலை மட்டும் விற்றுக் குடும்பம் நடத்துவது கஷ்டம். அங்கே பரம்பரைப் பண்ணையைப் பிள்ளைகளுக்குள் துண்டு போட்டுப் பிரிக்கக் கூடாது என்ற பழைய சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. ஒருவரே முழுவதையும் எடுத்து நடத்துவார். அப்படிக் கைமாறி வந்த பண்ணை கைவிட்டுப் போகாமல் இருக்க, மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே நாம் கொடுக்கிற காசு மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நிஜப் பண்ணையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ‘ரோட்டர் ஹான்’ அடையாளம். சிவப்புச் சேவல் படம் போட்டிருக்கும். போல்சானோ இருக்கும் தென் டிரோல் மாகாணத்தின் விவசாயிகள் சங்கம் நடத்துவது. நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒன்று முதல் ஐந்துவரை பூ கொடுப்பார்கள். நான் மூன்று, நான்கு பூவில்தான் தேடுகிறேன். ஐந்து பூவில் வசதி ஏறும், கூடவே விலையும் ஏறும்.

அடுத்து, பண்ணை என்றால் என்ன பண்ணை? பள்ளத்தாக்கில் இருப்பவை பெரும்பாலும் ஆப்பிள் தோட்டம். நடுச்சரிவில் திராட்சை. ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால்தான் மாடும் புல்வெளியும். என் பெண்ணுக்குக் கன்றுக்குட்டியைத் தொட வேண்டும், அது ஒன்றுதான் அவள் போட்ட கண்டிஷன். அதனால் மாட்டுப் பண்ணை.

இங்கேதான் தலைப்பில் போட்ட விஷயம் வருகிறது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை பல பண்ணைகளில் மாடே இருக்காது! மேலே ஆல்ம் என்கிற உயரமான மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப் போயிருப்பார்கள். சில வீடுகளில் கறவை மாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கன்றுகளையும் கிடேரிகளையும் அனுப்பிவிடுவார்கள். ஆகஸ்டில் ஆசை ஆசையாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், காலித் தொழுவமும் இரண்டு கோழியும் ஒரு பூனையும்தான் மிச்சம். புக்கிங் தளத்தில் இருக்கும் மாட்டுப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று யாரும் போடுவதில்லை. அதனால் மெயிலில் நேராகவே கேளுங்கள்: நாங்கள் வரும் வாரத்தில் மாடு வீட்டில் இருக்குமா, எத்தனை, பால் கறக்கும்போது பிள்ளைகள் உள்ளே வரலாமா? நிஜப் பண்ணைக்காரர் இந்தக் கேள்வியைக் கண்டால் சந்தோஷமாகப் பதில் போடுவார். ‘எங்கள் ஸ்பா பேக்கேஜைப் பாருங்கள்’ என்று பதில் வந்தால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

செப்டம்பர் நடுவிலிருந்து மாடுகள் இறங்க ஆரம்பிக்கும். கழுத்தில் பெரிய மணி, தலையில் பூ அலங்காரம், ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். அந்தக் கூட்டமும் ஓய்ந்த பிறகு, அக்டோபர் இரண்டாவது வாரம் போகலாம் என்று யோசிக்கிறேன். முதல் வாரம் வேண்டாம். அக்டோபர் 3 ஜெர்மனியில் பொது விடுமுறை. ம்யூனிக்கில் பாதிப் பேர் அந்த வார இறுதியில் ப்ரென்னர் ரோட்டில்தான் இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் இன்னும் கிண்டர்கார்டன், அதனால் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. இந்தச் சலுகை இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்.

அக்டோபரில் இன்னொரு லாபம், ‘ட்யோர்கலென்’. அறுவடை முடிந்து புதுத் திராட்சை ரசம் வந்ததும், திராட்சைப் பண்ணைக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே பந்தி போடுவார்கள். அக்டோபர் தொடங்கி நவம்பர் கடைசிவரை நடக்கும். சுட்ட செஸ்ட்நட்தான் அதில் ராஜா. ஓட்டை போட்ட இரும்புச் சட்டியில் கரி பிடிக்கச் சுட்டு, துணியில் சுற்றிச் சூடாகக் கொண்டுவந்து வைப்பார்கள். தோலை உரித்து, வெண்ணெய் தொட்டுச் சாப்பிட வேண்டும். மற்றபடி இலை முழுக்கப் பன்றி இறைச்சிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சுத்த சைவம். அதனால் சாப்பாட்டை நான் தனியாகவே ஆராய்ந்து வைத்திருக்கிறேன். அங்கே ஷ்பெக் என்ற உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி எல்லாவற்றிலும் நுழைந்துவிடும். பார்லி சூப் பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே ஷ்பெக் கிடக்கும். க்னோடல் என்ற ரொட்டி உருண்டையிலும் அப்படித்தான். கீரை உருண்டை, சீஸ் உருண்டை என்று கேட்டு வாங்க வேண்டும். ‘ஷ்லுட்ஸ்க்ராப்ஃபன்’ என்று ஒன்று, பாதி நிலா வடிவம். கோதுமை போன்ற தானியமான ரை மாவில் மெல்லிசாகத் தட்டி, உள்ளே கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து, மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். அம்மாவுக்கு இது ஒத்துவரும். ஆர்டர் சொல்லும்போது ‘ஓனே ஷ்பெக்’ என்று மட்டும் சேர்த்துவிடுங்கள், ஷ்பெக் போடாமல் தருவார்கள். முட்டையும் வேண்டாம் என்றால் கடையில் சாப்பிடுவது ரொம்பச் சிரமம், சமையலறை உள்ள ஃப்ளாட்தான் ஒரே வழி.

நாங்களும் ஃப்ளாட்தான் எடுக்கிறோம். அரிசி, பருப்பு, சின்னக் குக்கர், ரசப்பொடி கையோடு வருகிறது. பாலும் முட்டையும் பல பண்ணைகளில் வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். காலையில் ரொட்டியைப் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போகும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. ஒரு விண்ணப்பம்: அந்த வீடுகளில் சுவர், கூரை எல்லாம் மரம். மிளகாய் தாளித்தால் வாசனை நாலு நாளைக்குப் போகாது. ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள், அடுத்து வரப்போகிறவர் நம் ஊர்க்காரராக இருக்க மாட்டார்.

பழைய வீடு கிடைத்தால் ‘ஷ்டூபெ’ இருக்கிறதா என்று பாருங்கள். மரப்பலகை அடித்த கூடம், மூலையில் பெரிய கட்டுமான அடுப்பு. விறகு போடும் வாய் அந்தக் கூடத்தில் இருக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் நடையிலோ சமையலறையிலோ இருக்கும். அதனால் கூடத்தில் துளிப் புகை வராது, சூடு மட்டும் வரும். அடுப்பைச் சுற்றி பெஞ்சு, சில வீடுகளில் அதற்கு மேலே படுத்துக்கொள்ள ஒரு பலகை. அக்டோபர் இரவில் அப்பாவை அந்த பெஞ்சிலிருந்து எழுப்புவது கஷ்டம் என்று இப்போதே தெரிகிறது.

போக்குவரத்து. நாங்கள் கார் எடுக்கவில்லை. பல தங்குமிடங்கள் தென் டிரோல் கெஸ்ட் பாஸ் கொடுக்கின்றன. அதை வைத்து மாகாணத்துக்குள் பஸ், உள்ளூர் ரயில், ரிட்டன் கேபிள் கார், அந்தக் குட்டி ரயில் எல்லாவற்றிலும் போகலாம். எல்லா வீட்டிலும் தருகிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கேட்டுவிடுங்கள். கூடவே ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு ஏற்றம் என்றும் கேளுங்கள். மேப்பில் 700 மீட்டர் என்று இருக்கும், சூட்கேஸை இழுத்தால்தான் தெரியும். ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போக முடியுமா என்று கேட்டால் சிலர் சரி என்பார்கள், அதுவும் பால் கறக்கும் நேரம் இல்லையென்றால்.

பண விஷயம் சுருக்கமாக. வாடகைக்கு மேல் கடைசிநாள் சுத்தம் செய்யும் கட்டணம் தனியாக இருக்கலாம். ஊர் வரி ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வரும், 14 வயதுக்குக் கீழே கிடையாது. முன்பணம் வங்கி வழியாக அனுப்பச் சொல்வார்கள், ரத்து விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு: ஜெர்மன் ஷெங்கன் விசாவிலேயே இத்தாலிக்கும் போய் வரலாம். ஆனால் அசல் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் ரயிலில் போலீஸ் ஏறிப் பார்ப்பது வழக்கம்.

அங்கே என்ன பார்ப்போம்? நான் வேண்டுமென்றே பட்டியல் குறைத்திருக்கிறேன். லெங்மோஸ் என்ற ஊர்ப் பக்கம் மண் கோபுரங்கள் உண்டு. பனியாறு விட்டுப்போன களிமண், அதன் தலையில் ஒரு பாறை. பாறை குடையாக இருக்கும்வரை கீழே உள்ள மண் மழையில் கரையாமல் தூணாக நிற்கும். பாறை விழுந்தால் தூணும் மெல்லக் கரைந்துவிடும். க்ளோபன்ஷ்டைனிலிருந்து நடந்தே போகலாம். மழை வந்தால் கீழே நகரத்துக்கு இறங்கி, 1991இல் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற பதப்பட்ட உடலை மியூசியத்தில் பார்க்கலாம். 5,300 வருஷத்து மனிதர், குளிர் அறையில் சின்ன ஜன்னல் வழியாகத்தான் தெரிவார். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை பெரும்பாலும் லீவு. அவ்வளவுதான். மற்ற நேரம் பண்ணையிலேயே இருக்கப்போகிறோம். காலையும் மாலையும் கறவை, நடுவில் நடை, தூக்கம். தினமும் எங்கேயாவது ஓடுவதாக இருந்தால் நகரத்திலேயே ரூம் போட்டுவிடலாம், பண்ணைக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இப்போது இரண்டு பண்ணைகளுக்கு ஜெர்மனில் மெயில் எழுதி வைத்திருக்கிறேன். மாடு, ஏற்றம், கெஸ்ட் பாஸ், மொத்தத் தொகை, இந்த நான்கு கேள்விதான். சேர்க்க வேண்டியது ஏதாவது இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள், இன்றைக்கு ராத்திரி அனுப்பிவிடுவேன். பதில் உடனே வராது, பகலெல்லாம் அவர்களுக்குத் தோட்டத்திலும் தொழுவத்திலும் வேலை இருக்கும். வந்ததும் எந்த வீடு, என்ன விலை என்று போடுகிறேன்.