பின்னாடி உக்கார்றவங்க தலையும் தலைதானுங்க

மேடைல இருக்கற பஞ்சாயத்துத் தலைவரம்மாவுக்கும், மண்டபத்த சும்மாவே குடுத்த ரைஸ்மில் அண்ணனுக்கும், ஓபி முடிச்சுட்டு சாப்பிடாமகூட ஓடியாந்திருக்கற டாக்டரம்மாவுக்கும், மொத வரிசைல இருக்கற எங்க தலைமையாசிரியர் ஐயாவுக்கும் வணக்கமுங்க. ஐயா முன்னாடி மைக் புடிக்கறது எனக்குப் பெரிய பாக்கியமுங்க.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம். மூக்கு, மூளை, பின்னாடி உக்கார்றவங்க ஹெல்மெட், இந்த மூணையும் பத்திப் பேசோணும்னு வந்திருக்கறனுங்க.

எங்க சித்தப்பா கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை ஓட்டறாரு. கொப்பரைல பாகு கொதிக்கையில இவரு கயித்துக்கட்டல்ல கண்ண மூடிப் படுத்துட்டே "இப்ப எறக்குங்கடா"ம்பாரு, வாசம்தான் அவருக்குப் பதம். போன தை மாசம் சந்தைக்குப் போயிட்டு பையன் வண்டில பின்னாடி உக்காந்து வந்தவரு, வேகத்தடைல தூக்கிப்போட்டு மல்லாக்க உழுந்துட்டாருங்க. பின்மண்டைல அடி, சொட்டு ரத்தமில்ல, ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லைன்னு ரெண்டு நாள்ல அனுப்பிட்டாங்க. இருவது நாள் கழிச்சு சித்தி அரிசிம்பருப்பு ஆக்கி சூடா நெய் ஊத்தி வெக்கறாங்க, இவரு ஒரு வாய் தின்னுட்டு "ஏம்புள்ள, பூண்டு சீரகம் ஒண்ணும் போடலயா, மண்ணத் திங்கறாப்ல இருக்குது"ங்கறாரு. சித்தி மூஞ்சி செத்துப்போச்சு. அடுத்த வாரம் ஆலைல இவரு பக்கத்துல உக்காந்திருக்கயிலயே ஒரு கொப்பரைப் பாகும் அடிப்புடிச்சுக் கருகிப்போச்சுங்க, கெணத்து மேட்டுல நின்ன ஆளுங்களுக்கு வாசம் போயி ஓடியாறாங்க, இவரு புகையப் பாத்துட்டு அப்படியே உக்காந்திருக்காரு.

மூக்குக்கு மேல சல்லடையாட்டம் ஓட்டை ஓட்டையா ஒரு மெல்லிசு எலும்பு இருக்குதுங்க. வாச நரம்போட இழையெல்லாம் அந்த ஓட்டை வழியாத்தான் மூளைக்கு ஏறுது. அடில மூளை குலுங்குனா அந்த இழை அறுந்துரும், மூக்குல கீறல்கூட இருக்காது. உப்பு, புளிப்பு, இனிப்பு நாக்குக்குத் தெரியும், பூண்டும் நெய்யும் மூக்கு சொன்னாத்தான். கேஸ் கசிஞ்சாலும் தெரியாது.

அந்த எலும்புக்கு நேர் மேலதான் முன்மூளையோட அடிப்பக்கம். அது கன்னிப்போனா ஆளே மாறிருவாங்க, பொசுக்குனு கோவம், எதுலயும் அவசரம். சித்தப்பா வட்டல வீசுனப்ப வயசாச்சுன்னு சொன்னோம், இன்னைக்கு நெனச்சா எனக்கு வெக்கமா இருக்குதுங்க. சாதா ஸ்கேன்ல தெரியாத காயம் எம்ஆர்ஐல தெரியலாம், கேளுங்க. ஜெர்மனில தாமஸ் ஹம்மெல்னு ஒரு பேராசிரியரு 2009-ல எழுதுன மோப்பப் பயிற்சி இருக்குது, ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், தினம் ரெண்டு வேளை, மாசக்கணக்குல. அடிபட்ட எல்லாருக்கும் வாசம் திரும்பாதுங்க. சித்தப்பாவுக்கு இப்ப கிராம்பு மட்டும் தெரியுது, அதுவும் கருகுன வாசமா.

அதனாலதான் ஊரூரா கத்தறேன். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்னா ஓட்டறவனுக்கு மட்டுமா? 2019-ல திருத்துன சட்டப்படி 4 வயசுக்கு மேல வண்டில போற அத்தன பேரும் ஹெல்மெட் போடோணுமுங்க. நம்மூட்டுப் பொம்பளைங்க கொழந்தைய மடில வெச்சு ஒருச்சாய்ச்சு உக்காந்து வெறுந்தலையோட போறாங்க, மல்லாக்க உழுந்தா மொதல்ல அடிபடறது பின்மண்டைதான். பூ வெச்ச கொண்டைக்கு ஹெல்மெட் நிக்காதுன்னு சொல்லாதீங்க அக்கா, கொண்டையத் தழைய முடிஞ்சுக்கலாம். டீ குடுக்கற மேசைல ஒரு நோட்டு வெச்சிருக்கறோம், பின்னாடி உக்கார்றவங்க தலை அளவ எழுதிக் குடுங்க, ரைஸ்மில் அண்ணன் பாதி வெலைக்குத் தாரேன்னிருக்காரு. மொதப் பேரு எங்க சித்தியோடதுங்க.